மூன்றாம் படியில் நின்ற தண்ணீர்

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு,

ஸ்தோத்திரம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உறையின்மேல் உன் கையெழுத்தைக் கண்டதும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சைத் திறந்து தைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். எழுத்து மட்டும் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. பாளையங்கோட்டை விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுவாயே, அதே சாய்வு. மதினி நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று படித்து நிம்மதியடைந்தேன். அவர்கள் சொல்கிறபடி கேள். மாடிப்படி ஏறாதே.

இங்கே எல்லாரும் சுகம். பிசானத்துக்கு நாற்றுப் பாவியாயிற்று. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. இரண்டு நாளாக மழை விடாமல் பெய்கிறது. 2023-க்குப் பிறகு இரவில் மழைச் சத்தம் கேட்டால் என் வீட்டில் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுத் தெருவைப் பார்த்துவிட்டு வந்துதான் படுப்பாள். சின்னவள் பிரசவத்துக்குக் கிறிஸ்துமஸ் கழிந்ததும் வருகிறாள். நம் கணக்கு வாத்தியார் போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், தொண்ணூற்றொரு வயது. அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். உனக்கும் சேர்த்து ஒரு பிடி மண் போட்டேன்.

இனி நீ நான்காம் பக்கத்தில் எழுதியிருப்பதற்கு வருகிறேன். மூன்று நாளாக அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்தத் தையற்காரர். சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். உனக்கு இருந்த அதே நோய், அதே டாக்டர், அதே வாரம். இரவு ஒன்பது மணிக்கு இருவரும் 121ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொல்வீர்கள். நீ தடுமாறிய இடத்தில் அவர் எடுத்துக் கொடுப்பார். உன்னைவிட நல்ல குரல், உன்னைவிடத் திடமான விசுவாசம் என்று நீயே எழுதியிருக்கிறாய். வியாழக்கிழமை அவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

நீ வீடு திரும்பியபின் நடந்த ஸ்தோத்திர ஆராதனையில் ஒருவர் எழுந்து, "விசுவாசிகளைக் கர்த்தர் கைவிடமாட்டார், இதோ நம் அண்ணனே அதற்குச் சாட்சி" என்றாராம். சபையே ஆமென் சொன்னது, உன் வாயில் மட்டும் வரவில்லை. "என்னைக் காத்தார் என்று நான் சொன்னால் அவரை விட்டுவிட்டார் என்று சொல்வதாக ஆகாதா? சொல்லாமல் இருந்தால் நன்றிகெட்டவன் ஆகமாட்டேனா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஞானம், நீ நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே ஆட்கள் குறைவு, அப்படி மழை. மாலையிலும் நிற்கவில்லை, இரவிலும் நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. தாமிரபரணி எது, வயல் எது, தெரு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செம்மண் நிறம். மின்சாரம் இல்லை, போன் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஐந்து படிகள் என்பது உனக்கு நினைவிருக்குமே. திங்கட்கிழமை விடிந்தபோது முதல் படி மறைந்தது. பிறகு இரண்டாம் படி. நாங்கள் இருவரும் முழங்காலில் நின்றோம். தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டு, அங்கேயே நின்றது. மத்தியானம் வரை நின்றுவிட்டு மெல்ல இறங்கியது.

அந்த வருஷக் கடைசி ஆராதனையில் நான் எழுந்து சாட்சி சொன்னேன். கண்ணீரோடுதான் சொன்னேன், மனதார நம்பித்தான் சொன்னேன். 91ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்கொண்டேன்: "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." மூன்றாம் படியில் கர்த்தர் தண்ணீருக்கு எல்லை குறித்தார் என்றேன். சபை கைதட்டியது.

பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில், பாயில், கீழத்தெரு அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓலைப்பெட்டி முடைந்து விற்பவர். மண்சுவர் வீடு, திங்கட்கிழமை காலையிலேயே கரைந்து விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மாடியில் மூன்று இரவு கிடந்து வந்தவர். இரண்டு ஆடுகள் கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தன. ஆராதனைக்கு வரும்போது அவர் உடுத்தியிருந்த சேலை நிவாரணத்தில் வந்தது.

மறுநாள் அரிசியும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். விழுந்த சுவரின்மேல் வேதப்புத்தகத்தை விரித்து வெயிலில் காயவைத்திருந்தார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஈர்க்கால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணாச்சி, நேற்று நன்றாகச் சாட்சி சொன்னீர்கள்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்கள் வீட்டில் மூன்றாம் படியில் நிறுத்தினார். எங்கள் வீட்டில் எந்தப் படியில் நிறுத்துவார்? எங்கள் வீட்டுக்குப் படியே இல்லையே!" என்றார்.

குத்திக்காட்டிச் சொன்னதில்லை அது. அந்த அக்காவுக்குக் குத்தத் தெரியாது. ஆனால் அன்று இரவு முழுக்க நான் உறங்கவில்லை.

படி ஏன் இல்லை? நம் ஊர் உனக்குத் தெரியும். மேலத்தெரு மேடு, கீழத்தெரு பள்ளம். மேட்டில் யார் குடியிருப்பது, பள்ளத்தில் யார் குடியிருப்பது என்று ஆண்டவர் பிரித்துக் கொடுக்கவில்லை. நம் தாத்தாமார் சாதியைப் பார்த்துப் பிரித்தார்கள். ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே வேதம், ஒரே கல்லறைத் தோட்டம் என்று ஆன பிறகும் அந்த மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன. தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாய்ந்தது. என் தாத்தா பிடித்த மேட்டுக்கு நான் கர்த்தருடைய பாதுகாப்பு என்று பெயர் வைத்து, பள்ளத்தில் இருந்த அக்காவின் காதுபடப் படித்துவிட்டேன். மனிதன் காட்டிய ஓரவஞ்சனையை எடுத்து ஆண்டவர் தலைமேல் வைத்துவிட்டேன், ஞானம். அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

அதே ஞாயிறு இரவில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நடந்ததை நீ பேப்பரில் படித்திருப்பாய். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், ஏறத்தாழ 800 பேர், அங்கே நிறுத்தப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டி மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சிலரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள், மற்றவர்கள் வண்டியிலேயே சிக்கிக்கொண்டார்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்கள், குழந்தைகள், வயதானவர்கள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களுக்கே அடுத்த வேளைக்கு என்ன வழி என்று தெரியாத நிலையில், இருந்ததைச் சமைத்து அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ யார், எந்தச் சாமி, என்ன சாதி என்று ஒருவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. "நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்" என்ற வசனத்தை எத்தனை தடவை வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பேன்! அந்த மழை அழிவாகவும் வரக்கூடும் என்று அன்றுவரை நான் எண்ணியதில்லை. மழையோடு அந்தச் சோற்றுப் பாத்திரமும் அவர் கையிலிருந்தே வந்தது என்று இன்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகுதான் வேதத்தை வேறு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன். நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் ஆயிற்றே, சொற்களின்மேல்தான் முதலில் கண் போகும்.

"தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று பேதுரு சொல்கிற இடம், அப்போஸ்தலர் 10. யோப்பாவில் கடலோரத்துத் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் தங்கியிருந்தவர், செசரியாவுக்குப் போய் ரோம நூற்றுக்கு அதிபதி ஒருவன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தபின் சொல்கிறார். இயேசுவோடு கூடவே நடந்தவர், அவர் கையால் அப்பம் வாங்கித் தின்றவர், கடல்மேல் நடந்தவர். அவருக்கே அந்த உண்மை அந்நியன் ஒருவனுடைய வீட்டுக்குள் போனபிறகுதான் பிடிபட்டது. அதற்குப் பிறகும் அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே கடிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பேதுருவே சறுக்கினாரே என்று அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வடக்கன்குளம் ஞாபகம் வருகிறது. 1872-இல் எழும்பிய அந்தத் தேவாலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு நீண்ட மண்டபங்கள், நடுவே சுவர், இரண்டும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். 1910-இல்தான் சுவரை இடித்தார்கள். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பீடத்தில் இருந்தவர் இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து ஆளைப் பார்க்கவிடாமல் சுவர் எழுப்பி நின்றவர்கள் மக்கள்தாம்.

பட்சம் என்றால் பக்கம். பட்சம் என்றால் சிறகும்தான், அதிலிருந்துதான் பட்சி. நான் தவறாகப் பயன்படுத்திய அதே 91ஆம் சங்கீதத்தில், நான் அன்று வாசிக்காமல் விட்ட நான்காம் வசனம் "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்" என்கிறது. ஒரு பக்கம் சாய்கிற பட்சம் அவரிடத்தில் இல்லை, மூடுகிற பட்சம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று உனக்குப் போன் செய்ய வேண்டும் என்று கை துடித்தது. நீ அப்போது திருப்பூரில் பேரன் பிறந்தநாளில் இருந்தாய்.

இப்போது உன் கேள்விக்கு வா. அப்போஸ்தலர் 12-ஐ எடுத்து வை. முதல் இரண்டு வசனத்தில் ஏரோது ராஜா யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால், அதாவது வாளால், கொலைசெய்கிறான். ஒரே வரி. அழுதவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிறகு பேதுருவைப் பிடிக்கிறான். நந்நான்கு சேவகராக நான்கு வகுப்பு, பதினாறு பேர் காவல். இரவில் தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்புகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக் கதவு தானாய்த் திறக்கிறது. எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம் இதைப் பற்றி! யாக்கோபின் தாய் சலோமே அந்த வாரம் எங்கே இருந்தாள் என்று ஒரு பிரசங்கியாவது கேட்டதுண்டா? பேதுருவுக்காக ஊக்கத்தோடே ஜெபித்த சபை யாக்கோபுக்காக ஜெபிக்காமலா இருந்திருக்கும்? யாக்கோபின் விசுவாசம் குறைந்ததா? மறுரூப மலையிலும் கெத்செமனேயிலும் பேதுருவோடு சேர்த்துக் கூட அழைத்துக்கொண்டு போனவர்களில் ஒருவன் அல்லவா அவன்!

எபிரெயர் 11-இலும் அதையே பார்க்கிறேன். 34ஆம் வசனத்தில் சிலர் விசுவாசத்தினாலே "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்." மூன்று வசனம் தாண்டிச் சிலர் "பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்." அதே பட்டயம், அதே விசுவாசம், அதே பட்டியல். தப்பியவனை ஒரு பக்கத்திலும் மாண்டவனை வேறு பக்கத்திலும் எழுதவில்லை அந்த நிருபக்காரர். இருவரையும் நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறார். உன் தையற்காரருக்கு அந்த அதிகாரத்தில் இடம் இருக்கிறது. உனக்கும் இருக்கிறது. உயிர் பிழைத்ததற்காக உனக்கு ஒரு மார்க் அதிகம் கிடையாது, அவருக்கு ஒரு மார்க் குறைவும் கிடையாது.

அப்படியானால் காக்கிறார் என்பதற்கு என்ன பொருள்? நானும் இதில் திணறியிருக்கிறேன். ஒரு காசுக்கு இரண்டு குருவி விற்கிற அந்த வசனத்தை நினைத்துக்கொள். நம் வேதத்தில் அதற்கு அடைக்கலான் குருவி என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அடைக்கலம் தேடி வீட்டு இறவாரத்தில் கூடு கட்டுகிற குருவி. பிதாவின் சித்தமில்லாமல் அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது என்கிறார் ஆண்டவர். குருவி விழவே விழாது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. விழும்போதும் அது பிதாவின் கைக்கு வெளியே போய்விடாது. கட்டில் காலியானதைத்தான் நீ கண்டாய். அவரை யார் ஏந்திக்கொண்டார் என்பதைக் காண உனக்கும் எனக்கும் இன்னும் கண் கொடுக்கப்படவில்லை. நான் அதைப் பூரணமாய் விசுவாசிக்கிறேன். 121ஆம் சங்கீதத்தில் நீங்கள் இருவரும் சொன்ன வரி, "உன்னைக் காக்கிறவர் உறங்கார்," அந்த வியாழக்கிழமை இரவு இரண்டு கட்டிலுக்கும் ஒன்றாகத்தான் பொருந்தியது.

நீ நன்றி சொல்லாமல் இருக்காதே. நன்றாய் உரக்கச் சொல். நான் இப்போது எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கிறாயா? "எனக்கு இந்த நாளைக் கொடுத்தார்" என்று மட்டும் சொல்கிறேன். பக்கத்தில் விழுந்தவர்களின் கணக்கை எடுப்பதில்லை. ஆயிரம்பேரும் பதினாயிரம்பேரும் வருகிற அந்த வசனத்தைச் சாட்சியில் வாசிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். தனியாய், பயந்த நேரத்தில், அறைக்குள் வாசித்துக்கொள்கிறேன்.

அந்த அக்காவைப் பற்றிய செய்தியை எழுதாமல் விட்டால் நீ கோபித்துக்கொள்வாய். சபையில் பேசி, பல சபைகள் சேர்ந்த சேகரத்தில் மனுக்கொடுத்து, அலைந்து திரிந்து, இந்தச் சித்திரையில் அவருக்குச் செங்கல் வீடு எழும்பியது. என் ஓய்வூதியத்திலும் கொஞ்சம் போட்டேன். அஸ்திவாரத்தை நான்கு அடி தூக்கிக் கட்டச் சொன்னேன். கொத்தனார் படி எத்தனை வேண்டும் என்று கேட்டபோது அக்கா என் முகத்தைப் பார்த்தார், ஐந்து என்றேன். கீழத்தெருவில் இன்னும் பதினோரு வீடு பள்ளத்தில்தான் இருக்கிறது. மழை பெய்கிற இரவில் என் வீட்டுக்காரி வாசல் விளக்கைப் போட்டுப் பார்ப்பதும் அந்தத் திசையைத்தான். மேலத்தெருக்காரர்கள் சிலர் என்னோடு இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசுவார்கள். அடுத்த மாதம் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து. அரிசியும் கத்தரிக்காயும் எல்லா வீட்டிலிருந்தும் வந்து ஒரே அண்டாவில் வேகும். பந்தியில் இந்தத் தடவை தெருவாரியாக உட்காரக் கூடாது என்று நம் போதகர் ஐயரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், செய்வாயா? அந்தத் தையற்காரரின் வீட்டம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய பாட்டுப் புத்தகம் உன் பையோடு தவறி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டுபோய்க் கொடு. பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னபிறகு, மதினியையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் வழியாக வா. நான் திருநெல்வேலியிலிருந்து வருகிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். அங்கே போய் நாம் எதையும் விளக்க வேண்டாம், வசனம் காட்ட வேண்டாம். அந்த அம்மா என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரவு ஒன்பது மணிச் சங்கீதத்தில் அவர் எடுத்துக் கொடுத்த அடிகளை அவர்கள் கேட்டால் மட்டும் நீ சொல்லு.

கிளம்புகிற நாளை இரண்டு நாள் முந்தியே தெரியப்படுத்து. கருப்பட்டியும் ஓலைப்பெட்டி இரண்டும் எடுத்துவருகிறேன். ஒன்று மதினிக்கு, ஒன்று அந்த வீட்டுக்கு. அக்கா முடைந்தது.

மழை கொஞ்சம் வெறித்திருக்கிறது. தபால்காரர் வருவதற்குள் இதை ஒட்டிவிடுகிறேன்.

உன்,
செல்வராஜ்